முந்தையவரின் அளவு

டிசம்பர் 16

ஹாஸ்டலில் வெந்நீர் வரவில்லை. "மோட்டார் வீக்கும்மா" என்றாள் வார்டன். மழைக்காலத்திலிருந்து அதே பதில். பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வேலைக்குப் போனால், யார் வாய் திறந்தாலும் குரைக்கத் தோன்றுகிறது.

காரைவலசு பால் சொசைட்டியிலிருந்து புகார். தாராபுரத்துக்கு அந்தப் பக்கம். எங்கள் பால் சோதிக்கும் இயந்திரம் தினமும் காலையில் யாரோ ஒருவருடைய பாலைத் தண்ணீர் என்கிறதாம். ஒரே ஆள் அல்ல. ஒரு நாள் இவர், ஒரு நாள் அவர். சாயங்காலப் பாலில் தொந்தரவு இல்லை.

ஜெகநாதன் சார் என் மேசைக்கு வந்து நின்றார். கம்பெனி அவருடையது. மாமனாருடையது என்று பக்கத்து மேசை ஃபர்ஸானா திருத்துவாள்.

"நித்திலா, அந்த டிரைவர் யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"அப்ப நீயே பாரு."

இயந்திரத்துக்குள் இருக்கும் மின்பலகையின் மூளைக்கும் பாலை அளக்கும் சிப்புக்கும் நடுவில் இரண்டு கம்பிகள். ஒன்றில் தாளம். மற்றதில் பேச்சு. அந்தப் பேச்சுக்கான மரியாதைகளை எழுதுவது என் வேலை. யார் யாரை அழைக்கலாம். யார் காத்திருக்க வேண்டும். யார் எப்போது வாய் திறக்கலாம். அதற்குப் பெயர்தான் டிரைவர்.

நான்கு வருடப் படிப்பு, இரண்டு வருட மேற்படிப்பு, இதற்குத்தான்.

டிசம்பர் 17

பாக்கெட் பால் வாங்கிவந்து நாள் முழுக்க ஓட்டிக் கொழுப்பை அளந்தேன். 4.1. 4.1. 4.1. ஒரு தடவைகூடத் தண்ணீர் என்று சொல்லவில்லை.

"மெஷினுக்கே கொட்டாவி வருதுடி" என்றாள் ஃபர்ஸானா. பலகையை வடிவமைப்பவள் அவள். என் நிரல் தவறென்றால் சிரிப்பாள். அவள் பலகை தவறென்றால் இரண்டு நாள் பேச மாட்டாள்.

மீதிப் பாலை டீக்கடைப் பூனை குடித்தது. அதுவும் புகார் சொல்லவில்லை.

டிசம்பர் 19

ஐப்பசியில் பழைய சிப் சந்தையில் கிடைக்கவில்லை. சார் வேறொரு கம்பெனியின் சிப்பை வாங்கிப் போட்டார். அப்படியே பொருந்தும் என்றார்கள். அதே கால்கள், அதே முகவரி, அதே கட்டளைகள். அப்போதே ஒரு வாரம் கொடுங்கள், சோதித்துவிடுகிறேன் என்று கேட்டேன். "அதான் பொருந்தும்னு போட்டிருக்கானே" என்றார். நாற்பது இயந்திரங்கள் புது சிப்புடன் நாற்பது ஊர்களுக்குப் போயின.

இன்று அதன் தகவல் ஏட்டை வரிவரியாகப் படித்தேன். பழைய சிப்புக்கு ஒரு குணம் உண்டு. அளந்து முடிப்பதற்குள் பதில் கேட்டால் தாளக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பொறு, இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். முடிந்ததும் விடும். என் டிரைவர் அந்தப் பிடியை நம்பி எழுதப்பட்டது. புது சிப் பிடிக்குமா என்று ஏட்டில் ஒரு வார்த்தை இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும், பொருந்தும்.

இன்னொன்று. ஒவ்வொரு சிப்புக்குள்ளும் அதன் அடையாள எண் இருக்கும். நீ யார் என்று டிரைவர் முதலில் கேட்கும். சரியான எண் வந்தால்தான் மேலே பேசும். புது சிப்பிடம் கேட்டேன். அது பழைய சிப்பின் எண்ணைச் சொன்னது.

"ஃபிராடு!" என்றாள் ஃபர்ஸானா.

அப்படிச் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள் என்று யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. கடையில், பேருந்தில், ஹாஸ்டலில் எல்லோர் மேலும் வந்தது. அதன் மேல் மட்டும் வரவில்லை.

டிசம்பர் 22

காரைவலசுப் புகார் மூடப்பட்டுவிட்டது. காரணம் என்ற இடத்தில்: உறுப்பினர் ஒருவரின் பால் இயந்திரத்தைக் கெடுக்கிறது. அவர் பால் ஊற்றுவதை சொசைட்டி நிறுத்திவிட்டது. கோளாறு நின்றுவிட்டது.

டிசம்பர் 23

"ஒருத்தர் பால் எப்படி சார் அடுத்தவர் பாலைக் கெடுக்கும்?"

"கஸ்டமர் ஹேப்பி. நீ ஏன் கிண்டுறே?"

"கோளாறு நின்னதுக்குக் காரணம் தெரியலையே சார்."

"நின்னுச்சுல்ல?"

கோபத்தில் எனக்குக் கண்ணீர் வரும். அது தெரிந்துவிடக் கூடாதென்று திரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். திரை அணைந்திருந்தது.

யாருடைய பால் என்று புகாரில் பெயர் இல்லை. "காலனிக்காரம்மா" என்று மட்டும் இருக்கிறது.

நாளை மறுநாள் விடுமுறை. போகிறேன்.

டிசம்பர் 25

முதல் பேருந்தில் தாராபுரம். அங்கிருந்து டவுன் பஸ். காரைவலசு இறங்கும்போது இன்னும் பனி. ஸ்வெட்டர் எடுக்காமல் போன முட்டாள் நான்.

சொசைட்டிக் கட்டடத்தில் பால் வரிசை. கேன், தூக்குப்போசி, தலையில் துண்டு. செயலாளர் நாச்சிமுத்து வெள்ளை வேட்டியில் வந்து வரவேற்றார். கம்பெனியிலிருந்து பெண் ஒருத்தி தனியாக வந்ததில் அவருக்குப் பெருமையா, சந்தேகமா தெரியவில்லை.

"வாங்கம்மணி. எந்த ஊருங்க நமக்கு?"

"கோயமுத்தூருங்க."

"சொந்த ஊரே அதானுங்களா?"

"ஆமாங்க."

வீடு பக்கத்திலேயே. உள்ளே உட்காரவைத்து அவர் மனைவி காப்பி கொடுத்தார். பளபளவென்று சில்வர் டம்ளர், அடியில் டவரா போல வட்டா. நல்ல காப்பி. பாதிக்கு மேல் குடிக்கவில்லை. சூடு அதிகம்.

பிறகு இயந்திரம். அளப்பவர் கதிர்வேல், முப்பது வயதிருக்கும், பொறுமையான ஆள். உறுப்பினர் எண்ணை அடிக்கிறார், கோப்பையைக் குழாய்க்கு அடியில் வைக்கிறார், இயந்திரம் உறிஞ்சுகிறது, எண் வருகிறது, சீட்டு வருகிறது. எண் அடிக்காமல் இயந்திரம் ஒரு சொட்டு உறிஞ்சாது. வரிசையில் எல்லோருக்கும் சரியாகவே வந்தது. 3.9. 4.0. 4.0. 3.8. ஊர் முழுக்கக் கலப்பினப் பசுக்கள். எல்லாப் பாலும் அக்கா தங்கச்சி மாதிரி.

கிளம்ப இருந்தேன். அப்போதுதான் விசைப்பலகையைப் பார்த்தேன். கழுவும் பட்டன் தேய்ந்திருந்தது. மேலே இருந்த சொட்டு நீர்ப் படம் அழிந்து வெள்ளையாகிவிட்டது. இந்தப் பட்டனைப் பால் எடுத்து முடித்த பிறகு ஒருமுறை அமுக்கினால் போதும். இரண்டு மாத இயந்திரம். மற்ற பட்டன்கள் புத்தம் புதுசு.

"இதை எப்போ எல்லாம் அமுக்குவீங்க?"

கதிர்வேல் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"முடிச்சதும் ஒருக்காங்க. அப்பறம் அந்தக் காலனிக்காரம்மா ஊத்துனதும் ஒரு தண்ணி விட்டுருவனுங்க."

"ஏன்?"

"விட்டாத்தானுங்க அடுத்த ஆளு ஊத்துவாங்க." சிரித்தார். "பளைய மெசின்ல கையில களுவோணும். இதுல பட்டன் வெச்சுக் குடுத்தீங்க பாருங்க, ரொம்ப சௌரியமுங்க."

ரொம்ப சௌரியம்.

அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. முந்தைய அளவையே மறுபடி சொல்கிறது. குளிரில் சிப் மெதுவாக அளக்கிறது. முடிவதற்குள் என் டிரைவர் கேட்கிறது. பழைய சிப்பாக இருந்தால் பொறு என்று பிடித்திருக்கும். புதுசு பிடிக்கவில்லை. கையில் இருந்த பழைய எண்ணை நீட்டிவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் அவருக்கு முன்னால் நின்றவரின் அளவு. எல்லாப் பாலும் ஒன்று போல இருப்பதால் யாருக்கும் தெரியாது. அந்தம்மாவுக்குப் பிறகு மட்டும் நடுவில் தண்ணீர் ஓடுகிறது, சிப் அதையும் அளந்துவைக்கிறது. அடுத்து நிற்பவர் தண்ணீரின் எண்ணை வாங்குகிறார். வாங்கிவிட்டு, "அவ பாலுக்கப்பறம் பாரு, மெசினே கெட்டுப்போவுது" என்கிறார்.

செயலாளரிடம் வாய் திறந்தேன். ஆய்வகத்தில் நிரூபிக்காமல் எதைச் சொல்வது. வாயை மூடிக்கொண்டேன்.

மெயின்ரோட்டு டீக்கடையில் அந்தம்மாவைப் பார்த்தேன். மாராத்தாள். ஐம்பது வயதிருக்கலாம். கடனில் வாங்கிய ஒரே மாடு, காலனியில் பால் ஊற்றுகிற ஒரே வீடு. டீக்கடைக்காரர் வாய்க்கு வந்த விலை சொல்ல, போசியைத் திண்டில் டங்கென்று வைத்து வாதாடிக்கொண்டிருந்தார்.

கம்பெனியிலிருந்து என்றதும் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானா அந்த மெசினு? என்ற பாலு உங்க மெசினக் கெடுத்துப்போட்டுதாமா? மாட்டுக்குத் தெரியுமா அம்மணி, எந்த வளவுல கட்டியிருக்காங்கன்னு? அது பாட்டுக்குப் புல்லத் திங்குது, கறக்குது."

"மெஷினைப் பாத்துட்டிருக்கேங்க."

"பாருங்க பாருங்க. தை பத்தாந்தேதி கூட்டம் போடறாங்க. பேர அடிச்சுருவாங்க. பேரு போச்சுன்னா மாட்டுக்கடனு போச்சு. பேங்குல வந்து மாட்ட அவுத்துட்டுப் போவாங்க. அதுக்கப்பறம் மெதுவாப் பாருங்க."

டிசம்பர் 25, இரவு

அம்மா போனில். கோபியிலிருந்து. காரைவலசு போனதைச் சொன்னேன்.

"யாரு ஊட்டுல சாப்பிட்டே?"

"சாப்பிடலை. செயலாளர் வீட்டுல காப்பி."

"எதுல குடுத்தாங்க?"

"சில்வர் டம்ளர். வட்டா வெச்சு."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

"சரி" என்றாள். பிறகு சிலிண்டர் தீர்ந்ததைப் பற்றிப் பேசினாள்.

டிசம்பர் 29

கான்டீன் குளிர்பெட்டியில் பலகையை வைத்து மூடினேன். சமையல்காரர் கத்தினார். கத்தட்டும்.

பால். பால். தண்ணீர். பால்.

4.1. 4.1. 4.1. தண்ணீர்.

ஃபர்ஸானா தாளக் கம்பியில் அதன் துடிப்பைத் திரையில் காட்டும் ஸ்கோப்பை மாட்டினாள். பச்சைக் கோடு ஓடியது. பொறு என்று எங்கேயும் தாழவில்லை. மேலும் கீழும், மேலும் கீழும், ஒழுங்காக, கேட்டதற்கெல்லாம் உடனே தலையாட்டிக்கொண்டு. பழைய பலகையையும் குளிரவைத்து மாட்டினாள். அங்கே கோடு கீழே இறங்கி, நீளமாகப் படுத்து, பிறகு எழுந்தது.

"என் போர்டு தப்பில்லை" என்றாள்.

"இல்லை."

"உன் டிரைவரும் தப்பில்லை. அந்தாளு வாங்கினதுதான் தப்பு."

இத்தனை வசதியாக உலகம் முடிந்துவிட்டால் நன்றாக இருக்கும்.

மற்ற முப்பத்தொன்பது ஊர்களிலும் குளிர்காலைகளில் ஒவ்வொருவரும் முன்னால் நின்றவரின் கொழுப்பை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். யாரும் புகார் செய்யவில்லை. கழுவிய ஊர்தான் கண்டுபிடித்தது. அதற்காக நன்றி சொல்ல வேண்டுமா நான்?

ஜனவரி 2

புத்தாண்டு கேக்கை ஹாஸ்டலில் சீப்பால் வெட்டினார்கள்.

எப்படிப் பிரித்தறிவது? பழைய சிப்பும் ஊர்களில் ஓடுகிறது, புதுசும் ஓடுகிறது. இரண்டுக்கும் ஒரே டிரைவர் வேண்டும். பெயரைக் கேட்டால் இரண்டும் ஒரே பெயரைச் சொல்லும். புதுசில் 'தயார்' என்று சொல்லும் ஒரு பிட் இருக்கிறது. பழையதில் அந்த இடம் எப்போதும் பூஜ்யம். அதை நம்பினால் பழைய இயந்திரங்கள் எல்லாம் முடிவில்லாமல் காத்திருக்கும்.

ஜனவரி 5

பெயரைக் கேட்காமல் நடத்தையைப் பார்த்தால்?

இயந்திரம் விழித்ததும் ஒரு அளவைத் தொடங்கச் சொல்லி, உடனே பதிலையும் கேட்கிறேன். தாளத்தைப் பிடித்து நிறுத்தினால் பழையது. வாய்க்கு வந்ததை உடனே சொன்னால் புதுசு. புதுசென்றால் தயார் என்று சொல்லும்வரை கேட்டுக் கேட்டுக் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட இல்லை.

அறையில், வெயிலில், குளிர்பெட்டியில் ஓட்டினேன். பால், தண்ணீர், பால். ஒவ்வொன்றும் அதனதன் எண்ணைச் சொன்னது.

சந்தோஷப்பட்டேன். ஒரு டீ குடிக்கிற நேரம்.

ஜனவரி 7

சாரிடம் காட்டினேன். புரிந்துகொண்டார். அவர் முட்டாள் அல்ல. அதுதான் எரிச்சல்.

"குட். அடுத்த சர்வீஸ்ல எல்லா மெஷின்லயும் ஏத்திடலாம். சத்தமில்லாம."

"காரைவலசுக்கு லெட்டர் சார். தப்பு மெஷின்ல இருந்ததுன்னு."

"எதுக்கு?"

"அந்தம்மாவை நீக்கப்போறாங்க."

"அது அவங்க ஊர் விவகாரம். நாற்பது மெஷின் தப்பா அளந்துச்சுன்னு நான் லெட்டர் ஹெட்ல எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு நாற்பது ஊரும் வாசல்ல நிக்கும்."

"அவங்க பால் கெட்டதில்லைன்னு மட்டுமாவது…"

"நித்திலா." குரலைத் தாழ்த்தினார். அன்பாகப் பேசுவதாக அவர் நினைப்பு. "நீ இன்ஜினியர். சோஷியல் வொர்க்கர் இல்ல. நம்ம மாதிரி ஆளுங்க இதுல எல்லாம் தலையிடக் கூடாது."

நம்ம மாதிரி ஆளுங்க.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கையில் தேய்ந்த பட்டனின் வெள்ளை இன்னும் ஒட்டியிருப்பது போலிருந்தது.

ஜனவரி 8

துணி துவைத்தேன். பக்கெட்டின் கைப்பிடி உடைந்தது.

ஜனவரி 9

இப்போதுதான் உறைத்தது.

நான் சரிசெய்துவிட்டேன். இனி நடுவில் எத்தனை முறை கழுவினாலும் அடுத்தவரின் அளவு சரியாக வரும். யாரும் எதையும் கவனிக்க மாட்டார்கள். பட்டன் இன்னும் தேயும். மாராத்தாளை வரிசையில் விட்டாலும், அவர் போசியைச் சாய்த்ததும் தண்ணீர் ஓடும், இயந்திரம் முனகாது.

சிப்பின் கோளாறு ஊரின் வழக்கத்தோடு மோதிக்கொண்டிருந்தது. நான் இரண்டையும் பொருந்தவைத்துவிட்டேன்.

ஆறு வருடம் படித்து, ஒரு கழுவலைச் சத்தமில்லாமல் ஆக்கியிருக்கிறேன்.

ஜனவரி 12

நிரலில் கழுவும் பட்டனின் பகுதியைத் திறந்தேன். எங்கள் கையேட்டிலேயே இருக்கிறது: அந்த வேளையின் பால் கணக்கை மூடிய பிறகு கழுவவும். எழுதிவைத்திருக்கிறோம். இயந்திரம் அதைக் கேட்பதில்லை. கேட்கவைத்தேன். கணக்கை மூடும்வரை பட்டன் அமுங்கும், தண்ணீர் ஓடாது. நான்கு வரி.

சாரிடம் சொன்னேன். போனில் யாரிடமோ பொங்கல் போனஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"கழுவுற பட்டனையும் கையேட்டுப்படி மாத்தியிருக்கேன் சார்."

கையை ஆட்டினார். சரி, சரி, போ.

இரண்டாவது தடவை சொல்லவில்லை.

ஜனவரி 15

கோபி. பொங்கல். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. எங்கள் தெருவின் பெயர்ப்பலகையில் கடைசிச் சொல்லை, காலனி என்பதை, யாரோ தாரால் அழித்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களா, அவர்களா? தெரியவில்லை. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

ஜனவரி 20

சர்வீஸுக்குப் போகிறவர் பொங்கல் நோம்பிக்கு ஊருக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. நான் போகிறேன் என்றேன். சார் சந்தோஷமாக அனுப்பினார்.

காரைவலசு. பனி. அதே வரிசை. புது நிரலை உடனே ஏற்றவில்லை.

"செயலாளருங்க, உங்க பால் வந்தாச்சுங்களா?"

"இதென்னுங்க, கையில இருக்குதே." உறுப்பினர் எண் ஒன்று அவர்.

"நீங்க ஊத்துங்க. கதிர்வேல், இப்போ கழுவுங்க."

"இவரு பாலுக்கா?" கதிர்வேல் செயலாளரின் முகத்தைப் பார்த்தார்.

"சும்மா. சோதனைக்கு."

கழுவினார். அடுத்து நின்றவர் முண்டாசு கட்டிய ஒரு பெரியவர். எண் அடித்து, கோப்பை வைத்து. திரையில் தண்ணீர்.

பெரியவர் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு வரிசையின் வாலிலிருந்து ஒரு குரல்: "அட, செக்ரட்டரி பாலுக்கப்பறமும் மெசினு கெட்டுப்போச்சுங்கோ!"

வரிசை முழுக்கச் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. "என்ற பாலு தண்ணியா? நாச்சிமுத்து, உன்ற மாட்டுக்கு என்னத்தடா போடறே?"

"மாமா, சித்தெ சும்மா இருங்க."

இன்னொரு முறை செய்துகாட்டினேன். கதிர்வேலின் பால், கழுவல், அடுத்தவர். தண்ணீர். கழுவாமல் ஒருமுறை. சரியான எண். புது சிப் அவசரக்காரன், முந்தின எண்ணையே சொல்லிவிடுகிறது என்று விளக்கினேன். சட்டென்று புரிந்துகொண்டார்கள்.

செயலாளர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப மெசினுத் தப்புதானுங்க."

"மெஷின் தப்புங்க. எங்க தப்பு." சாரின் லெட்டர் ஹெட் இல்லாமல் என் வாயால் சொன்னேன். "மாராத்தாள் அம்மா பாலுல ஒண்ணுமில்லைங்க."

"அதான் தெரிஞ்சுபோச்சுங்களே. கூட்டத்துல சொல்லிப்போடலாம். நாமளும் ஆருக்கும் கெடுதல் நெனைக்கறவிய இல்லீங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். அவ்வளவு நிம்மதி.

"ஆனா நடுவுல ஏன் கழுவினீங்க?"

ஒருவர் கேன் மூடியைத் துடைத்தார். கதிர்வேல் தரையைப் பார்த்தார். "சுத்தம் நல்லதுதானுங்களே" என்றார் செயலாளர். "வாங்க, ஒரு காப்பி சாப்ட்டுப் போலாம்."

"வேண்டாங்க."

நிரலை ஏற்றினேன். கையேட்டுப்படி மாற்றியிருக்கிறேன் என்றும் சொன்னேன். சரிங்க என்றார்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு மாராத்தாள் வந்தார். ஊரில் செய்தி எனக்கு முன்னால் நடந்துவிடுகிறது.

"மெசினுத்தான் தப்புன்னு ஒத்துக்கிட்டீங்களாமா."

"ஆமாங்க."

"அம்மணிக்குச் சொந்த ஊரு எது?"

கோயமுத்தூர் என்று சொல்ல வாய் வந்தது. "கோபிங்க" என்றேன்.

"கோபில எங்க?"

சொன்னேன்.

என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேனா? என்ன எதிர்பார்த்தேன்?

"அப்பறம் எதுக்கு அன்னைக்கு அவிய ஊட்டுல காப்பி குடிச்சே?"

பஸ் வந்தது.

ஜனவரி 21

பேருந்து முழுக்க அந்தக் கேள்வி. குளியலறையில் அந்தக் கேள்வி. அவர் மேல் கோபம். பிறகு என் மேல். பிறகு டம்ளர் மேல்.

கேட்டதும் பழைய எண்ணைச் சொல்லிவிடுகிறேன். எதையும் இழுத்துப் பிடித்து, பொறு என்று சொன்னதில்லை.

ஜனவரி 24

கூட்டம் முடிந்தது. கதிர்வேல் போன் செய்தார். பட்டியலிலிருந்து எழுபத்துமூன்றாம் எண்ணை நீக்கவில்லை. மாராத்தாள் நாளை காலையிலிருந்து ஊற்றலாம். "எல்லாருக்கும் சந்தோசமுங்க" என்றார்.

நாளை காலை.

ஜனவரி 25

தூங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். தூங்கினேன். போன்தான் எழுப்பியது. விடிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்கம்மணி, நாச்சிமுத்து பேசறனுங்க. களுவற பட்டன் அமுங்குது, தண்ணி ஓட மாட்டீங்குது."

பின்னால் ஆட்கள் பேசும் சத்தம். கேன்கள்.

"கணக்கை மூடினதும் ஓடுங்க."

"நடுவுல ஓடோணுமுங்க."

"ஒவ்வொரு ஆளுக்கும் நடுவுலயா?"

"இல்லீங்க."

"அப்ப யாருக்கும் யாருக்கும் நடுவுலங்க?"

பதில் இல்லை. நானும் பேசவில்லை. எனக்குள் ஏதோ தாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதல் தடவையாக.

"இதென்னுங்க வம்பு" என்றார் கடைசியில். "முன்னாடி ஓடிட்டுத்தான இருந்துது. இங்க வரிசை நிக்குது. அடுத்த ஆளு கோப்பைய வெக்க மாட்டேங்கறாரு. சரி, ஒரு கோப்பைல தண்ணிய வெச்சு உறிஞ்ச வுட்டுக்கறோம். அது ஓடுமில்லீங்க?"

"ஓடுங்க. ஆனா எண் கேக்கும்."

"என்ன எண்ணுங்க?"

"உறுப்பினர் எண். யாரோட எண்ணைப் போடறீங்களோ அவங்க கணக்குல தண்ணி ஊத்தினதா ஏறும். சீட்டு வரும்."

அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கதிர்வேலிடம் சொல்வது கேட்டது. "ஆரு நம்பரயாச்சும் போடுறா." "ஆரு நம்பருங்க?" "உன்ற நம்பரப் போடு." "எதுக்குங்க, நான் மாட்டேனுங்க." முண்டாசுக்காரப் பெரியவரின் குரல்: "என்ற நம்பரத் தொட்டே, தெரியும் சேதி." எங்கோ ஒரு பெண் சிரித்தாள். சத்தமாக, ஒளிக்காமல். யார் என்று தெரிந்தது.

செயலாளர் திரும்பி வந்தார்.

"அம்மணி, இது சரியில்லீங்க. உங்க மொதலாளிகிட்டப் பேசறேன்."

"பேசுங்க. நம்பர் தரட்டுங்களா?"

"இருக்குதுங்க." மூச்சு வாங்கினார். குரல் மாறியது. "நீங்க… கோயமுத்தூருன்னுதான சொன்னீங்க?"

"வேலை கோயமுத்தூருங்க. ஊர் கோபி."

கோபியில் எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே சொன்னேன். தெருவின் பெயரை. கடைசிச் சொல்லோடு.

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் கேன் மூடி ஒன்று சிமென்ட் தரையில் உருண்டு, சுற்றி, அடங்கியது. வரிசை நின்றுகொண்டிருந்தது. பால் புளிப்பதற்குள் யாராவது அடுத்த கோப்பையை வைத்தாக வேண்டும்.